தினமும் ஐந்து வரி



"எழுதணும்னு ஆசைதான், நேரம்தான் கிடைக்கல." நம் வகுப்புகளில் அடிக்கடி கேட்கும் பதில் இது. பொய்யில்லை. காலையில் ரயில் நெரிசல், பகலில் படிப்போ வேலையோ, மாலையில் ஓவர்டைம், வெள்ளிக்கிழமை கோயில், ஞாயிறு தேவார வகுப்பு. இதில் எழுத்துக்கு ஏது இடம்?

ஆனந்தரங்கப் பிள்ளைக்கும் நேரம் இருந்திருக்காது. 18ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் பெரிய வணிகர் அவர். 1747 முதல் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேயின் தலைமை துபாஷி. பேச்சை மொழிபெயர்ப்பது முதல் வியாபாரம் பேசுவது வரை எல்லாம் அவர் தலையில். நடுவில் போர் வேறு. அப்படிப்பட்டவர் 1736இல் தொடங்கி 1761 வரை நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வந்தது, ஆளுநர் பேசியது, ஊரில் நடந்தது எல்லாவற்றையும் அன்றைய பேச்சுத் தமிழிலேயே எழுதி வைத்தார். அந்தக் காலத்துப் புதுச்சேரியை அறிய ஆய்வாளர்கள் இன்றும் அதைப் புரட்டுகிறார்கள்.

நாம் செய்யக்கூடியவை நான்கு.

1. நேரம் தேடாதீர்கள். ஏற்கெனவே தினமும் செய்கிற ஒன்றோடு எழுத்தைச் சேருங்கள். சாமி விளக்கு ஏற்றியதும், அல்லது இரவுச் சாப்பாட்டுத் தட்டைக் கழுவி வைத்ததும் நோட்டை எடுங்கள்.

2. ஐந்து வரி போதும். களைப்பான நாளில் ஒரு வரி.

3. பார்த்ததையும் கேட்டதையும் எழுதுங்கள். "இன்று நல்ல நாள்" என்று எழுதினால் அடுத்த வருடம் உங்களுக்கே ஒன்றும் புரியாது. யார் வந்தார், என்ன சொன்னார் என்று எழுதுங்கள். வீட்டில் பேசுகிற தமிழே போதும். திருத்தம் பிறகு பார்க்கலாம்.

4. ஒரு நாள் விட்டுப்போனால் மறுநாள் தொடருங்கள். விட்டதையும் சேர்த்து எழுத உட்கார்ந்தால் அதுவே சுமையாகிவிடும்.

நான் இதைத் தாமதமாகத்தான் கற்றேன். என் பாட்டி ரப்பர் தோட்டத்தில் வளர்ந்தவர். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போனது, பால்மரம் வெட்டியது, தோட்டத்துக் கோயில் திருவிழா என்று நிறைய சொல்வார். "அப்புறம் எழுதிக்கலாம் பாட்டி" என்பேன். அவர் போன பிறகுதான் பேனாவை எடுத்தேன். அந்தக் கோயிலில் எந்தச் சாமி என்பதுகூட நினைவுக்கு வரவில்லை. தோட்டமும் இப்போது இல்லை, கேட்க ஆளும் இல்லை.

இந்த வாரப் பயிற்சி: வீட்டுப் பெரியவர் ஒருவரிடம் தினமும் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். சின்ன வயசில் எந்த ஊர், எந்தக் கோயில், என்ன வேலை? பதிலை அன்றிரவே ஐந்து வரியில் எழுதுங்கள். ஏழு நாள் ஆனதும் அவரிடமே வாசித்துக் காட்டுங்கள். தப்பு இருந்தால் அவரே திருத்துவார். இன்னும் நாலு கதையும் சேர்த்துச் சொல்வார்.