வைஃபை வரவில்லையா? கார்டை மாற்றுவதற்கு முன் நான்கு கேள்விகள்

மாணவர்களே, பழைய மடிக்கணினியில் லினக்ஸ் இயங்குதளத்தைப் பதிந்ததும் வைஃபை மட்டும் காணாமல் போன அனுபவம் உங்களுக்கு உண்டா? என்னிடம் பயிலும் படிவம் 4 மாணவி ஒருவருக்கு அப்படித்தான் நடந்தது. அண்ணனின் பழைய மடிக்கணினியில் அவர் உபுண்டுவைப் பதிந்தார். எல்லாம் இயங்கின, வைஃபை இல்லை. கடையில் காட்டியபோது, "கார்டு கெட்டுவிட்டது, மாற்ற வேண்டும்" என்றார்கள். அந்தச் செலவு அவர் குடும்பத்துக்குப் பாரம். ஆனால், கார்டு கெடவே இல்லை!

அதை எப்படி அறிந்தோம்? அறிவியல் கூடத்தில் செய்வதுபோல், ஊகிக்காமல் ஒவ்வொரு காரணமாகச் சோதித்தோம்.

முதலில் ஒரு விளக்கம். வைஃபை கார்டு ஒரு வன்பொருள். இயங்குதளம் அதனுடன் தொடர்புகொள்ள 'டிரைவர்' எனப்படும் இயக்கி மென்பொருள் தேவை. பல கார்டுகளுக்கு 'ஃபெர்ம்வேர்' என்ற கோப்பும் தேவை. அது கார்டின் உள்ளே இருக்கும் சிறு செயலிக்கான நிரல். கணினியைத் தொடங்கும் ஒவ்வொரு முறையும் டிரைவர் அதைக் கார்டுக்குள் ஏற்றும். இம்மூன்றில் ஒன்று குறைந்தாலும் வைஃபை இயங்காது.

கேள்வி 1: கணினிக்குக் கார்டு தெரிகிறதா?

'டெர்மினல்' செயலியைத் திறந்து 'எல்எஸ்பிசிஐ -என்என்கே' என்ற கட்டளையை ஆங்கிலச் சிற்றெழுத்துகளில் தட்டச்சு செய்யுங்கள். வரும் பட்டியலில் 'நெட்வொர்க் கன்ட்ரோலர்' என்ற வரியைத் தேடுங்கள். யூஎஸ்பி வகைக் கருவியாக இருந்தால் 'எல்எஸ்யூஎஸ்பி' என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். கார்டு பட்டியலில் இல்லையென்றால்தான் அது கழன்றிருக்கிறதா, பழுதா என்று ஐயப்பட வேண்டும்.

வரியின் இறுதியில் அடைப்புக்குள் ஓர் அடையாள எண் இருக்கும். அதன் முற்பகுதி தயாரிப்பாளரையும் பிற்பகுதி கருவியையும் குறிக்கும். மாணவியின் கணினியில் 14இ4:4315 என்று வந்தது. அது பிராட்காம் நிறுவனத்தின் பிசிஎம்4312 வகைக் கார்டு. உதவி தேடும்போது மடிக்கணினியின் பெயரைவிட இந்த எண்ணே பயன்படும்.

கேள்வி 2: டிரைவர் இருக்கிறதா?

அதே பட்டியலில், கார்டின் கீழே 'கெர்னல் டிரைவர் இன் யூஸ்' என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் டிரைவர் பொருந்தவில்லை. உபுண்டுவில் 'அடிஷனல் டிரைவர்ஸ்' பகுதிக்குச் சென்று தேடலாம். மாணவியின் கணினியில் 'பி43' என்று தொடங்கும் பெயர் இருந்தது. ஆகவே, டிரைவர் இருந்தது.

கேள்வி 3: வைஃபை அணைக்கப்பட்டுள்ளதா?

'ஆர்எஃப்கில் லிஸ்ட்' என்று தட்டச்சு செய்யுங்கள். 'சாஃப்ட் பிளாக்ட்' என்பதற்கு நேரே 'யெஸ்' என்று வந்தால் மென்பொருள் தடுத்திருக்கிறது. 'ஆர்எஃப்கில் அன்பிளாக் வைஃபை' என்ற கட்டளை அதை நீக்கும். 'ஹார்ட் பிளாக்ட்' என்பதற்கு 'யெஸ்' என்று வந்தால் கணினியின் பக்கவாட்டில் உள்ள விசையையோ விசைப்பலகையில் உள்ள வைஃபை பொத்தானையோ சோதியுங்கள். மாணவியின் கணினியில் இத்தகைய தடை எதுவும் இல்லை.

கேள்வி 4: ஃபெர்ம்வேர் ஏறியதா?

'சூடோ டிஎம்இஎஸ்ஜி' என்ற கட்டளை கெர்னலின் குறிப்புகளைக் காட்டும். அங்கேதான் விடை கிடைத்தது: ஃபெர்ம்வேர் கோப்பைக் காணவில்லை என்று பி43 டிரைவர் தெளிவாகச் சொல்லியிருந்தது. கார்டு நலமாக இருந்தது. அதற்கு வேண்டிய நிரல்தான் வரவில்லை.

ஏன் வரவில்லை? லினக்ஸ் கெர்னல் எவரும் பகிரக்கூடிய திறமூல மென்பொருள். இந்தக் கார்டின் ஃபெர்ம்வேருக்கு அத்தகைய பகிர்வு உரிமை இல்லை. எனவே, அதை நாமே தனியாகப் பதிய வேண்டும்.

இணையம் இல்லாமல் எப்படிப் பதிவது? கைப்பேசியைக் கேபிள் மூலம் கணினியுடன் இணைத்து, 'யூஎஸ்பி டெதரிங்' வசதியை இயக்கினோம். பிறகு, 'சூடோ ஏபிடி இன்ஸ்டால் ஃபெர்ம்வேர்-பி43-இன்ஸ்டாலர்' என்ற கட்டளையைக் கொடுத்துக் கணினியை மறுதொடக்கம் செய்தோம். வைஃபை பட்டியல் திரையில் தோன்றியது! ஒரு காசு செலவில்லை.

ஓர் எச்சரிக்கை: ஒரே நேரத்தில் பல டிரைவர்களைப் பதியாதீர்கள். ஒரு மாற்றம், ஒரு மறுதொடக்கம், ஒரு சோதனை என்று செல்லுங்கள். செய்ததையும் விளைவையும் குறித்து வையுங்கள். ஆய்வில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றைக் கட்டுப்படுத்துகிறோம் அல்லவா? இங்கும் அதே விதிதான்.

உங்கள் வீட்டில் லினக்ஸ் கணினி இருந்தால், இன்றே முதல் கட்டளையைக் கொடுத்து உங்கள் கார்டின் அடையாள எண்ணைக் குறித்து வையுங்கள். எண்ணின் முற்பகுதி 8086 என்று இருந்தால் அது இன்டெல் நிறுவனக் கார்டு. அந்நிறுவனம் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயரும் 8086தான்!