ஒற்றை இயந்திரத்தில் பறத்தல்

இரண்டு இயந்திரங்கள் கொண்ட சிறிய விமானத்தில் ஒன்று நின்றுவிட்டால் பலம் பாதியாகும் என்பதை நாம் எளிதில் உணர்வோம். ஆனால் மேலேறும் ஆற்றலோ ஐந்தில் நான்கு பங்கு, சிலவேளை அதற்கும் மேலாக, அழிந்துவிடுகிறது. எஞ்சிய பலத்தின் பெரும்பகுதி விழாமல் பறப்பதற்கே செலவாகிவிடுகிறதல்லவா?

நம் பாட்டனார் காலத்து இரட்டை மாட்டு வண்டியில் ஒரு மாடு நின்றால் வண்டி அதன் பக்கமே திரும்பும். விமானமும் அவ்வாறே. அதனை நேராக்க, ஓடும் இயந்திரத்தின் பக்கத்துச் சுக்கான் மிதியை விமானோட்டி அழுத்துகிறார். வேலையற்று ஓய்ந்திருக்கும் கால் எதுவோ, அப்பக்கத்து இயந்திரமே நின்றது. ஆயினும் உடனே அதனை அணைத்துவிடலாகாது. அதன் விசைக்கோலை மெல்லப் பின்னிழுத்துப் பார்த்தல் வேண்டும். மாற்றம் ஏதும் இல்லையெனில் ஐயம் நீங்கும். பின்னர், சுழல்விசிறியின் இலைகள் காற்றுக்கு விளிம்பைக் காட்டுமாறு திருப்பினால் தடை குறையும். 2015-ஆம் ஆண்டு தைப்பேயில், சற்றுப் பெரியதோர் இரட்டை இயந்திர விமானத்தில் நல்ல இயந்திரமே தவறுதலாக நிறுத்தப்பட்டது. 43 பேர் மாண்டனர்.

வேகம் குறையக் குறையச் சுக்கானின் பிடி தளரும். வேகமானியிலுள்ள சிவப்புக் கோடு அவ்வெல்லையையும், நீலக் கோடு ஒற்றை இயந்திரத்தோடு ஏறுவதற்கு உகந்த வேகத்தையும் காட்டும். சிவப்பை எட்டி விமானம் கட்டுமீறினால், ஓடும் இயந்திரத்தின் விசையையும் குறைத்து, மூக்கைத் தாழ்த்த வேண்டும். தரைக்கு அருகில் இதனைச் செய்ய மனம் எளிதில் இணங்குவதில்லை.