ஆயா பேரு பழசா?



போன மாசம் எங்க சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. "ஷ, ஜ வர்ற மாதிரி ஸ்டைலா பேரு வைங்க" என்று எல்லாரும் சொன்னார்கள். நான் மட்டும், "ஆயா பேரை வைக்கலாமே" என்றேன். ஆயா பெயர் அஞ்சலை. நெய்வேலி மெயின் பஜாரில் பலாச்சுளை விற்றுச் சித்தியைப் படிக்க வைத்தவர். ஆனால் ஆயாவே, "வேணாம் பாப்பா, பள்ளிக்கூடத்துல கிண்டல் பண்ணுவாங்க. என் பேரு என்னோட போவட்டும்" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அதனால் பெயர்களைப் பற்றித் தேடிப் படித்தேன்.

பழைய பெயர்கள் திரும்பி வந்தது உண்டு. 1916-ல் தனித்தமிழ் இயக்கம் தொடங்கியது. வேதாசலம் என்பவர் மறைமலை அடிகள் ஆனார். வேதம் என்றால் மறை, அசலம் என்றால் மலை. பிறகு நாராயணசாமி என்பவர் நெடுஞ்செழியன் ஆனார். அது சங்ககாலப் பாண்டிய மன்னர் பெயர்!

ராஜா பெயர் திரும்பி வந்தது. அஞ்சலை, பச்சையம்மா, அம்மாக்கண்ணு எல்லாம் ஏன் வரவில்லை? இவர்கள் வெயிலில் உழைத்தவர்கள் என்பதாலா?

நம்ம கடலூரிலேயே ஒரு அஞ்சலை இருந்தார். 1890-ல் முதுநகரில் பிறந்த அஞ்சலை அம்மாள். 1927-ல் சென்னையில் நீல் சிலையை அகற்றச் சொல்லிப் போராடினார். 1857-ல் நம் மக்களைக் கொடுமைப்படுத்திய ஆங்கிலேய அதிகாரிதான் நீல். அஞ்சலை அம்மாளோடு அவர் மகள் அம்மாக்கண்ணுவும் சிறை சென்றாள். அவளுக்கு வயது ஒன்பதுதான்! காந்தியடிகள் அவளுக்கு லீலாவதி என்று பெயர் வைத்து வார்தா ஆசிரமத்துக்கு அழைத்துப் போனார். அன்பாகத்தான் வைத்தார். ஆனாலும் அம்மாக்கண்ணு என்ற பெயர் அன்றைக்கே பின்னால் போய்விட்டது. அஞ்சலை அம்மாள் 1937-ல் சட்டமன்ற உறுப்பினரும் ஆனார்.

இதை ஆயாவிடம் படித்துக் காட்டினேன். "அப்படியா! என் பேருல எம்.எல்.ஏ.வா?" என்று சிரித்தார். பேச்சுத் தமிழில் 'அஞ்சலை' என்றால் 'பயப்படவில்லை' என்றும் பொருள் வருகிறதே, கவனித்தீர்களா?

குழந்தை பிறந்து ஒரு வருடம் வரை பிறப்புப் பதிவில் கட்டணம் இல்லாமல் பெயர் சேர்க்கலாம். சித்தி இன்னும் யோசிக்கிறார். எங்க வீட்டில் நான் இப்போதே பாப்பாவை "அஞ்சலை" என்றுதான் கூப்பிடுகிறேன். திரும்பிப் பார்க்கிறாள்!

நீங்களும் இன்று வீட்டுக்குப் போய் உங்கள் ஆயா, அப்பாயி பெயரை முழுசாகக் கேளுங்கள். கீழே இடம் விட்டிருக்கிறேன். வந்து எழுதுங்கள். யாரும் கிண்டல் பண்ணக் கூடாது.


— ஒன்பதாம் வகுப்பு மாணவி