கடப்பா கல்லா, பிளைவுட்டா?

கேள்வி: அலிபிரி பக்கம் புது வீடு கட்டியிருக்கிறோம். படுக்கையறையில் 6 அடி அகலத்துக்குத் துணி அலமாரி இடம் விட்டாகிவிட்டது. தட்டுகளுக்குக் கடப்பா கல் போதும் என்கிறார் மாமனார். பிளைவுட்தான் வேண்டும் என்கிறார் கணவர். எது நல்லது?
– ஒரு வாசகி, அலிபிரி

பதில்: இருவர் பேச்சிலும் நியாயம் இருக்கிறது. கடப்பா கல்லைக் கரையான் அரிக்காது, ஈரத்தில் உப்பாது. ஆனால் சுவரில் பதித்தபின் தட்டின் உயரத்தை மாற்ற முடியாது. எனவே கீழ்த் தட்டு இரண்டும் கல்லாக இருக்கட்டும். மெத்தை, பெட்டி, பாத்திரம் என எல்லாப் பாரத்தையும் தாங்கும். மேலே பிளைவுட் போடுங்கள்.

6 அடிக்கு ஒரே தட்டு வேண்டாம். நடுவில் தடுப்பு வையுங்கள். இல்லையென்றால் கல் விரியும், பலகை தொய்யும். பலகை 18 மி.மீ. கனம் இருக்கட்டும். மடித்த புடவைக்கு ஓரடி இடைவெளி போதும்; ஹேங்கரில் மாட்டும் பகுதிக்கு 2 அடி ஆழம் வேண்டும்.

நீங்கள் இருப்பது மலையடிவாரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வெளிச்சுவர் ஈரம் ஊறக்கூடும். ஒரு பிளாஸ்டிக் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுப் பாருங்கள். உள்பக்கம் நீர் முத்துமுத்தாகக் கோத்திருந்தால், சுவர் காயும்வரை ஆசாரியைக் கூப்பிடாதீர்கள்.

பிளைவுட்டில், ஈரம் தாங்கும் பலகைக்கான ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். விலை குறைவு என்று முத்திரையில்லாத பலகையை வாங்காதீர்கள்.