தவணை வண்டியும் வேலையில்லாக் காலமும்

குடும்பப் படிப்பினை

சென்ற மாரிகாலத்தில் ஒரு மாலை, முப்பது வயதைச் சற்றுத் தாண்டிய குடும்பத்தலைவர் ஒருவர் குருமனைக்கு வந்தார். மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தாமல், ஆலயத்தின் பின்புறம் மதிலோரமாக நிறுத்திவிட்டு நடந்து வந்ததைக் கண்டேன். காரணம் கேட்டதும் தலையைக் குனிந்துகொண்டார். "லீசிங் ஆக்கள் தேடித் திரியினம், சுவாமி" என்றார்.

அவருடைய சம்மதத்துடன், ஆளை இனங்காண இடமில்லாதவாறு சில விபரங்களை மாற்றி, அக்கதையை இங்கே எழுதுகின்றேன். நம் பங்குகளில் இதே நிலையில் இருக்கும் குடும்பங்கள் ஒன்றிரண்டல்ல. ஒருவர் அனுபவம் மற்றவருக்குப் பாடமாகட்டும்.

அவர் கட்டடப் பொருட்கள் விற்கும் நிறுவனமொன்றில் விற்பனைப் பகுதியில் இருந்தவர். ஊர் ஊராகத் திரியவேண்டிய உத்தியோகம். ஆதலால் 6 இலட்சம் ரூபா லீசிங் எடுத்து மோட்டார் சைக்கிள் வாங்கினார். 48 மாதத் தவணை. மனைவியின் தமையனார், ஓர் ஆசிரியர், பிணை நின்றார். 18 தவணைகளை நாள் பிந்தாமல் கட்டிவந்தார். பின்பு நிறுவனத்தின் கிளை மூடப்பட்டது, வேலை போயிற்று.

"அடுத்த மாசம் எப்படியும் ஒரு வேலை அம்பிட்டிடும் எண்டு நினைச்சன்" என்றார். அந்த நினைப்பில் மகளின் ஞானஸ்நானச் சங்கிலியை வீட்டாருக்குத் தெரியாமல் அடைவு வைத்து மூன்று தவணைகளைக் கட்டினார். அதன்பின் இரண்டு தவணைகள் தவறின. நிறுவனத்திலிருந்து இருவர், பிணை நின்ற ஆசிரியரைத் தேடி அவருடைய பாடசாலை வாசலுக்கே வந்துவிட்டனர். வீட்டில் நடந்த முழுவதையும் மனைவி முதன்முதல் அறிந்தது தன் தமையனின் வாயிலிருந்துதான்.

வேலை போவது குற்றமல்ல. அது எவருக்கும் நேரலாம். ஆனால் வேலை போனபின் தவணை வண்டியை என்ன செய்வது என்பதை எப்போது தீர்மானிக்கின்றோம், யாரோடு பேசித் தீர்மானிக்கின்றோம் என்பதில்தான் குடும்பத்தின் மானமும் உறவும் தங்கியிருக்கின்றன.

1. வண்டி யாருடையது?

நாம் ஓடுகின்றோம், நாம் கழுவித் துடைக்கின்றோம். ஆதலால் வண்டி நம்முடையது என்று எண்ணிவிடுகின்றோம். பதிவுச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். பதிவுசெய்யப்பட்ட உரிமையாளர் என்று உங்கள் பெயர் இருக்கும். முழு உரிமையாளர் என்ற இடத்தில் நிதி நிறுவனத்தின் பெயர் இருக்கும். கடைசித் தவணையைக் கட்டி, அப்பெயரை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் நீக்கும்வரை வண்டியின் சொந்தக்காரர் அந்நிறுவனமே. 2000ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க நிதிக் குத்தகைச் சட்டத்தின்கீழ் நடைபெறும் ஏற்பாடு இது. நாம் தவணை கொடுத்துப் பாவிக்கும் குத்தகைக்காரர்.

இதை மனதில் இருத்தினால் பல காரியங்கள் தெளிவாகும். தவணை நின்றால் வண்டியை எடுத்துச் செல்ல ஒப்பந்தம் அவர்களுக்கு இடங்கொடுக்கின்றது. எடுத்த வண்டியை விற்றபின் கடன் தீராவிட்டால், மிகுதியை நம்மிடமும் பிணை நின்றவரிடமும் கேட்பார்கள். வண்டி போய்விட்டது, கடனும் போய்விட்டது என்று ஆறுதலடைவது தவறு.

2. ஒரு சிறு கணக்கு

6 இலட்சம் ரூபாவை ஆண்டுக்கு நூற்றுக்கு 20 வட்டியில், குறைந்துசெல்லும் மீதிக்கு வட்டி கணித்து, 48 மாதங்களில் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். மாதத் தவணை ஏறத்தாழ 18,260 ரூபா. 18 மாதங்கள் கட்டியவர் ஏறத்தாழ 3 இலட்சத்து 29 ஆயிரம் ரூபா கொடுத்திருப்பார். பாதிக்கு மேல் தீர்ந்துவிட்டது என்று எண்ணுவார். ஆனால் முதலில் குறைந்தது ஏறத்தாழ 1 இலட்சத்து 72 ஆயிரம் மாத்திரமே. மற்றைய 1 இலட்சத்து 57 ஆயிரமும் வட்டி. இன்னும் 4 இலட்சத்து 28 ஆயிரம் ரூபா முதல் நிற்கின்றது.

தொடக்க மாதங்களில் தவணையின் பெரும்பகுதியை வட்டியே விழுங்கிவிடும் என்பதை அறியாதபடியால்தான், "இவ்வளவு கட்டிவிட்டேன், இனி எப்படி விடுவது?" என்ற பிடிவாதம் பிறக்கின்றது. கட்டிய காசு கட்டியதுதான். இன்று கணக்கிட வேண்டியது இனிக் கட்டவேண்டியதை.

3. வைத்திருப்பதா, விடுவதா?

வேலை போன முதல் வாரத்திலேயே கணவனும் மனைவியும் ஒரு கொப்பியை எடுத்து வைத்துக்கொண்டு மூன்று கேள்விகளுக்கு விடை எழுதவேண்டும்.

முதலாவது: இந்த வண்டி வேலை தேட உண்மையாகவே உதவுகின்றதா? தேடும் தொழில் சாரதி வேலையாகவோ, ஊர் சுற்றும் விற்பனை வேலையாகவோ இருந்தால், அல்லது பஸ் ஓடாத இடத்தில் வீடு இருந்தால், வண்டி ஒரு கருவி. வாரத்தில் ஒரு நேர்முகப் பரீட்சைக்குப் போவதற்கு மாத்திரமென்றால் பஸ்சும் துவிச்சக்கர வண்டியும் போதும். முச்சக்கர வண்டி போன்று அது தானே உழைத்துத் தருமென்றால், எரிபொருளும் பழுதுபார்க்கும் செலவும் போகத் தவணைக்கு மிஞ்சுகின்றதா என்று பாருங்கள். சொந்தப் பாவனைக்கென எடுத்த வாகனத்தை வாடகைக்கு ஓட்டுவதாயின் ஒப்பந்தமும் காப்புறுதியும் அதற்கு இடந்தருகின்றனவா என்பதை முன்கூட்டியே கேட்டறிய வேண்டும்.

இரண்டாவது: சாப்பாடு, மருந்து, பிள்ளைகளின் படிப்பு ஆகிய மூன்றிலும் கைவைக்காமல் எத்தனை தவணைகள் கட்டலாம்? தவணையோடு காப்புறுதியையும், ஆண்டுதோறும் எடுக்கவேண்டிய வருமான அனுமதிப்பத்திரத்தையும், புகைப் பரிசோதனையையும் சேர்த்தே கணக்கிடுங்கள். மூன்று மாதம் கட்டலாம் என்றால், தீர்மானிக்க உங்களுக்கு இரண்டு மாதமே உண்டு. மூன்றாவது மாதம் விற்பதற்கும் பேசுவதற்கும் வேண்டும்.

மூன்றாவது: இன்று விற்றால் என்ன கிடைக்கும், இன்று கடனை முடிக்க எவ்வளவு வேண்டும்? முடிப்புத் தொகையை நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். முன்கூட்டி முடிப்பதற்குக் கட்டணம் உண்டா என்றும் கேளுங்கள். சந்தை விலையை இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். பழைய வாகனங்களின் விலை ஒரே நிலையில் நிற்பதில்லை. 2020 மார்ச்சில் இறக்குமதி நிறுத்தப்பட்டபின் விலைகள் ஏறின. 2025 பெப்ரவரியில் தனியார் வாகன இறக்குமதிக்கு மீண்டும் வழிவிடப்பட்டது. ஆதலால் எப்போதோ கேள்விப்பட்ட விலையை நம்பியிருக்க வேண்டாம்.

நம் சகோதரரின் வண்டி, வேலை போன மாதத்தில் ஏறத்தாழ 5 இலட்சத்துக்குப் போயிருக்கும். கடனை முடித்துக் கையிலும் சிறு தொகை இருந்திருக்கும். சங்கிலியும் மகளின் கழுத்தில் இருந்திருக்கும்.

4. தவணை தவறுமுன் பேசுங்கள்

வைத்திருப்பதென்று தீர்மானித்தால், தவணை தவறுமுன் நிறுவனத்தின் கந்தோருக்கு நேரிற் சென்று முகாமையாளரைச் சந்தியுங்கள். வேலை போன கடிதத்தின் பிரதியைக் கொண்டு செல்லுங்கள். சொல்லவேண்டியதை எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பமும் திகதியும் வாங்குங்கள். தவறாமல் கட்டிவந்தவர் முன்கூட்டி வந்து சொல்லும்போது கேட்கும் காது, மூன்று மாதம் ஒளித்துத் திரிந்தவருக்குக் கிடைப்பதில்லை.

சில மாதங்களுக்குத் தவணையை ஒத்திவைக்கவோ, காலத்தை நீட்டித் தவணையைக் குறைக்கவோ கேட்கலாம். நீட்டுவதற்கும் விலை உண்டு. மேற்சொன்ன கணக்கில் மீதியாயுள்ள 4 இலட்சத்து 28 ஆயிரத்தை 30 மாதங்களுக்குப் பதிலாக 48 மாதங்களில் கட்டினால், தவணை ஏறத்தாழ 13,030 ரூபாவாகக் குறையும். மாதம் 5 ஆயிரம் ரூபாவுக்கு மேல் மூச்சுவிடலாம். ஆனால் முடிவில் ஏறத்தாழ 78 ஆயிரம் ரூபா மேலதிகமாகக் கொடுத்திருப்போம். தெரிந்துகொண்டு ஏற்றால் அதில் தவறில்லை.

2020 மார்ச்சில் கொரோனாத் தொற்றின்போது முச்சக்கர வண்டி, பாடசாலை வான், லொறி முதலியவற்றின் குத்தகைத் தவணைகளுக்கு மத்திய வங்கி ஆறுமாத ஒத்திவைப்பை அறிவித்தது. தவணைகள் ஒத்திவைக்கப்பட்டனவே தவிரத் தள்ளுபடி செய்யப்படவில்லை. எந்தச் சலுகையையும் பெறுமுன் "இந்த மாதங்களுக்கு வட்டி உண்டா? எப்போது கட்டவேண்டும்?" என்று கேட்டு, விடையை எழுத்தில் பெறுங்கள்.

5. இவற்றைச் செய்யாதீர்கள்

"ஓப்பன் பேப்பர்" கொடுத்து வண்டியை வேறொருவருக்குக் கைமாற்றாதீர்கள். "மிச்சத் தவணையை நான் கட்டுவன்" என்பார். இரண்டு மாதம் கட்டுவார். அவர் நிறுத்தினால் பொறுப்பு உங்களுடையது. வண்டி எந்த ஊரில் நிற்கின்றதென்றும் தெரியாது. விற்பதாயின் நிறுவனத்துக்கு அறிவித்து, கடனை முடித்து, அல்லது அவர்கள் சம்மதத்துடன் ஒப்பந்தத்தைப் புதியவர் பெயருக்கு மாற்றியே விற்கவேண்டும்.

காசு மிச்சம் பிடிக்கக் காப்புறுதியை விட்டுவிடாதீர்கள். வண்டி விபத்தில் சிதைந்தாலும் களவு போனாலும் தவணை நிற்காது.

ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் எடுக்காதீர்கள். வாரத் தவணைக் கடனும் மீற்றர் வட்டியும் வீட்டு வாசலுக்கு வேறு ஆட்களைக் கொண்டுவரும்.

வண்டியை ஒளிக்காதீர்கள். அது ஒப்பந்தத்தை மீறுவதாகும். பேச்சுவார்த்தைக்கிருந்த கதவையும் அடைத்துவிடும்.

6. உங்களுக்கு வரவேண்டியது

கடனைப் பற்றிக் கவலைப்படுபவர்கள், தமக்கு வரவேண்டியதைக் கேட்க மறந்துவிடுகின்றனர். 15 பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலைசெய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்திசெய்த மாதச் சம்பளக்காரருக்கு, 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டப்படி வருடமொன்றுக்கு அரைமாதச் சம்பளம் சேரவேண்டும். ஊழியர் சேமலாப நிதியைப் பொதுவாக ஆண்கள் 55 வயதிலும் பெண்கள் 50 வயதிலுமே பெறலாம். ஆனால் ஊழியர் நம்பிக்கை நிதியை வேலையை விட்டதும், ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை என்ற நிபந்தனையுடன் பெறலாம். ஒழுக்கக் குற்றம் எதுவுமின்றி, முறையான அனுமதியும் பெறாமல் வேலைநீக்கம் செய்யப்பட்டிருந்தால், ஆறு மாதங்களுக்குள் தொழில் திணைக்களத்தில் விசாரியுங்கள்.

நிறுவனம் முறைகேடாக நடந்தால் முதலில் அதன் தலைமைக் கந்தோருக்கு எழுதுங்கள். பதில் திருப்தியில்லையெனில் நிதிசார் குறைகேள் அதிகாரிக்கும், மத்திய வங்கியில் நிதி நுகர்வோரின் முறைப்பாடுகளைக் கவனிக்கும் திணைக்களத்துக்கும் எழுதலாம். வழக்கென்று வந்தால் வசதியற்றோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு உண்டு.

7. பிணை நின்றவர்

பிணைக் கையொப்பம் வெறும் உபகாரமல்ல. தவணை தவறினால் அந்தக் கையொப்பமே அவரிடம் காசு கேட்கும். கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவில், மக்கள் "கிறிப்" என்பார்களே, அதில் பிணையாளியின் பெயரும் வரும். நாளை தன் மகளின் படிப்புக்கு அவர் வங்கிக்கடன் கேட்கும்போது அது குறுக்கே நிற்கலாம். எனவே வேலை போன செய்தியை அவர் அறியவேண்டியது நம் வாயிலிருந்தே. பாடசாலை வாசலில் அந்நியர் சொல்லி அல்ல.

அச்சகோதரரின் மனைவி என்னிடம் சொன்னதை மறக்க முடியவில்லை. "காசு இல்லை எண்டதுக்கு நான் கோவிக்கேல்லை, சுவாமி. எனக்குச் சொல்லேல்லை எண்டதுதான்."

அவர்கள் இருவரும், பிணை நின்ற தமையனாரும் ஒரு ஞாயிறு மாலை ஒன்றாக இருந்து கணக்குப் பார்த்தார்கள். அடுத்த நாள் மூவருமாக நிறுவனத்துக்குச் சென்றார்கள். அவர்களுடைய சம்மதத்துடன் வண்டி விற்கப்பட்டது. அவசர விற்பனையாதலால் விலை குறைந்தது. நிலுவையும் தண்டமும் போகக் கையில் மிஞ்சியது சில ஆயிரமே. இரண்டு மாதங்களின் பின் பக்கத்து நகரில், முன்னையதிலும் குறைந்த சம்பளத்தில் ஒரு வேலை கிடைத்தது. காலையில் பஸ்சில் போகின்றார். சங்கிலி இன்னும் அடைவில் இருக்கின்றது. மாதாமாதம் சிறிது சிறிதாகக் கட்டுகின்றார். நத்தாருக்குத் தமையனார் பிள்ளைகளுடன் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுச் சென்றாராம்.

குடும்பமாகச் சிந்திக்க

1. நம் வீட்டில் எத்தனை கடன்கள் உண்டு? கணவனும் மனைவியும் அவை எல்லாவற்றையும் அறிவோமா?

2. நாளை வேலை நின்றால், எத்தனை மாதத் தவணையைக் கட்ட நம்மிடம் சேமிப்பு உண்டு?

3. நமக்காகப் பிணை நின்றவரோடு கடைசியாக எப்போது பேசினோம்? நாம் யாருக்குப் பிணை நின்றோம்? அவர் இப்போது எந்நிலையில் இருக்கின்றார்?

4. நம் அயலில் வேலை இழந்த ஒருவர் இருக்கின்றாரா? அவருடைய வண்டியைப் பற்றிக் கதைப்பதைவிட, அவருக்கு ஒரு வேலையைப் பற்றி யாரிடமாவது கதைத்தோமா?