கதிர்காமப் பாதயாத்திரையும் பொதிகளும்

தொண்டைமானாறு செல்வச்சந்நிதியிலிருந்து வேல் முன்செல்லப் புறப்படும் அடியார்கள், வற்றாப்பளை, திருகோணமலை, வெருகல், மட்டக்களப்பு, திருக்கோவில் வழியாக உகந்தையை அடைந்து, காட்டு வழியே கதிர்காமம் சேர்வர். 1983 இன் பின் போரினால் தடைப்பட்ட இந்த யாத்திரை பின்னர் மீண்டும் வழமைக்கு வந்தது. விடத்தல்தீவிலிருந்து இதில் சேர விரும்புவோர் முதலில் சிந்திக்க வேண்டியது பொதிகளைப் பற்றியே.

முன்னோர் மாற்றுடுப்பும் திருநீற்றுப் பையும் கொண்டு, வழியிலுள்ள ஆலயங்களில் கிடைத்த அன்னத்தை உண்டு நடந்தனர். இன்று பொதிகளை வாகனத்தில் அடுத்த தங்குமிடத்துக்கு முன்கூட்டியே அனுப்புவோரும் உளர். வயோதிபருக்கும் நோயாளருக்கும் இது குற்றமன்று.

ஆனால், அந்த வசதி உகந்தையுடன் முடிந்துவிடும். அப்பால் குமண, யால வனங்கள். குமுக்கன் ஆறு, நாவலடி, வியாழை, கட்டகாமம் எனத் தங்கிச் செல்லும் அவ்வழியில் கடைகள் இல்லை. பல நாட்களுக்கான அரிசி, பருப்பு, தண்ணீர் யாவும் தோளிலேதான். அதுவரை வெறுங்கையுடன் நடந்தவருக்கு அங்கே பாரம் இருமடங்காகத் தோன்றும்.

எனவே, தொடக்கத்திலிருந்தே சிறு பொதியொன்றைத் தாமே சுமந்து பழகுதல் நன்று. மருந்து, அடையாள அட்டை, தண்ணீர்ப் போத்தல் ஆகியவற்றை ஒருபோதும் வாகனத்தில் அனுப்பலாகாது. மேலதிகமானவற்றை உகந்தையிலிருந்து வீதி வழியாகக் கதிர்காமத்துக்கு அனுப்பிவிடலாம்.

தேவை எது, ஆசை எது எனப் பிரித்தறிவதே யாத்திரையின் முதற்பாடம். அதைக் கற்றவருக்குக் காட்டு வழியும் கந்தன் வழியே.