வானிலிருந்து அளந்த மேடும் பள்ளமும்

2006 டிசம்பரிலும் 2007 ஜனவரியிலும் ஜொகூர் மாநிலத்தைப் பெருவெள்ளம் தாக்கியது. சிகாமட், கோத்தா திங்கி முதலிய இடங்கள் நீரில் மூழ்கின. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடுகளை விட்டு வெளியேற நேர்ந்தது. 2023 மார்ச்சிலும் சிகாமட், பத்து பகாட் வட்டாரங்கள் வெள்ளத்தில் வருந்தின. நீர் எதுவரை ஏறும், எங்கு ஒதுங்கினால் பாதுகாப்பு என்பவற்றை முன்னரே அறிய, நிலத்தின் உயரம் தெரிந்திருத்தல் வேண்டும். அதனைக் காட்டுவதே கணினி நில உயரப்படம்.

இதற்கு வேண்டிய அளவுகள் இன்று இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. 2000 பிப்ரவரியில் அமெரிக்காவின் எண்டவர் விண்கலம் 11 நாள் உலகைச் சுற்றி, ரேடார் அலைகளால் நிலத்தை அளந்தது. கலத்தில் ஒன்றும், 60 மீட்டர் நீண்ட கம்பத்தின் நுனியில் ஒன்றுமாக இரண்டு அலைவாங்கிகள் இருந்தன. இரு கண்களால் நாம் தூரத்தை மதிப்பிடுவது போல, அவ்விரண்டும் சேர்ந்து உயரத்தைக் கணித்தன. உலக நிலப்பரப்பில் ஏறத்தாழ 80 விழுக்காடு அவ்வாறு அளக்கப்பட்டது. ஜொகூரும் அதனுள் அடங்கும்.

அவ்வளவுகள் கட்டம் கட்டமாக உள்ளன. ஒவ்வொரு கட்டமும் சுமார் 30 மீட்டர் சதுரம். ஓர் ஏக்கரில் நான்கைந்து கட்டங்கள் அடங்கும். கட்டத்துக்கு ஓர் எண். அவ்வெண்ணே அதன் உயரம். கியூஜிஐஎஸ் என்னும் இலவசக் கணினிச் செயலியில் இவ்வெண்களை இட்டால், பள்ளம் ஒரு நிறமாகவும் மேடு வேறு நிறமாகவும் தோன்றும். ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் கோடுகளையும் அது வரைந்து தரும். மலைச்சரிவில் மண் அரிக்காதிருக்கப் படிபடியாக வெட்டி ரப்பர் நட்ட வரிசைகளும் இத்தகைய கோடுகளைப் பின்பற்றியவையே.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். அடர்ந்த தோப்பின் மீது பட்ட ரேடார் அலை பெரும்பாலும் தரைவரை செல்லாது, இலைக்கும் கிளைக்கும் இடையிலேயே திரும்பிவிடும். எனவே முதிர்ந்த ரப்பர்த் தோப்பு, உள்ளபடியினும் பல மீட்டர் உயர்ந்த நிலமாகப் படத்தில் தோன்றக்கூடும். ஆற்றோரத் தாழ்நிலம் மேடெனத் தெரியுமாயின், அங்குள்ள குடியிருப்புக்கு ஆபத்தில்லை என்ற தவறான முடிவுக்கு வர நேரிடும். இரண்டு மீட்டர் நீரே ஒரு வீட்டை மூழ்கடிக்கப் போதுமன்றோ! மேலும், அன்றிருந்த தோப்பு மறுநடவுக்காக வெட்டப்பட்டிருப்பினும், படம் 2000-ஆம் ஆண்டின் மரத்தையே காட்டும்.

இக்குறையை ஓரளவு நீக்க, மரங்களின் உயரத்தைக் கணித்துக் கழித்த உயரப்படம் ஒன்றை இங்கிலாந்தின் பிரிஸ்டல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2022-இல் வெளியிட்டனர். எனினும் நேரில் சரிபார்த்தலே சிறந்தது. கணினி பயின்ற தோட்டத்து இளைஞர்கள் தங்கள் தோட்டத்தின் படத்தை உருவாக்கட்டும். முன்னாளைய வெள்ளம் எந்தச் சுவரில், எந்தப் பாலத்தில், எவ்வளவு ஏறியது என்பதைப் பெரியோர்கள் ஆண்டுடன் எடுத்துரைக்கட்டும். இரண்டும் ஒத்துவராத இடத்தில் மனிதர் கண்ட நீர்மட்டத்தையே நம்புதல் வேண்டும். அக்குறிப்புகளை நீர்ப்பாசன வடிகால் இலாகாவிடம் அளித்தல் அனைவருக்கும் நலம் பயக்கும்.